புதிய ரெக்டரும் புதிய பணியாளர்களும் வரும்போது: எபிஸ்கோப்பல் சபைத் தமிழர்கள் அடிக்கடி கேட்கும் கேள்விகள்

அமெரிக்காவில் எபிஸ்கோப்பல் சபைகளுக்குச் செல்லும் தமிழ்க் குடும்பங்களில் பலர் தென்னிந்தியத் திருச்சபையில் ஞானஸ்நானமும் திடப்படுத்தலும் பெற்று வந்தவர்கள். 1947 செப்டம்பர் 27 அன்று உருவான அந்தத் திருச்சபையும் எபிஸ்கோப்பல் திருச்சபையும் ஆங்கிலிக்கன் ஐக்கியத்தில் (இங்கிலாந்துத் திருச்சபையோடு உறவுள்ள திருச்சபைகளின் உலகக் கூட்டமைப்பில்) இருப்பதால், ஞாயிறு ஆராதனையில் நமக்கு அந்நியமாகத் தோன்றுவது குறைவு. ஒரு குரு விடைபெற்று இன்னொருவர் வரும் காலத்தில்தான் ஊர்ப் பழக்கத்துக்கும் இங்குள்ள நடைமுறைக்கும் உள்ள இடைவெளி தெரிய வருகிறது. அத்தகைய மாற்றம் ஒன்றில், வெஸ்ட்ரி (சபையை நிர்வகிக்கும் குழு) உறுப்பினராகவும் வரவேற்புக் குழுவில் ஒருவராகவும் இருந்தபோது என்னிடம் கேட்கப்பட்ட கேள்விகளையும், அவற்றுக்கு நான் அறிந்த பதில்களையும் இங்கே எழுதியிருக்கிறேன்.

புதிய குருவைப் பேராயர்தானே அனுப்புகிறார்?

இல்லை. ஊரில் பேராயர் மாற்றல் பட்டியலை வெளியிட்டதும் எந்த ஐயர் (குரு) எந்தச் சேகரத்துக்குப் போகிறார் என்பது முடிவாகிவிடும். எபிஸ்கோப்பல் திருச்சபையில், தன் செலவைத் தானே ஏற்கும் ஒரு சபை தன் ரெக்டரை (தலைமைக் குருவை) தானே தேடி அழைக்கிறது. சபையார் தேர்ந்தெடுத்த வெஸ்ட்ரி (நம் சேகரக் கமிட்டியைப் போன்றது) ஒரு தேடல் குழுவை அமைக்கும். அந்தக் குழு சபையின் நிலையை விளக்கும் அறிக்கையொன்றை எழுதி, விண்ணப்பித்தவர்களுடன் உரையாடி, சிலரைப் பரிந்துரைக்கும். அதன்பின் வெஸ்ட்ரி ஒருவரைத் தெரிந்துகொள்ளும். பேராயருக்கு இதில் இடமில்லை என்று எண்ணிவிட வேண்டாம். தெரிவு நடப்பதற்கு முன்பே அந்தப் பெயரைப் பேராயருக்கு அனுப்பி, 60 நாள்களுக்கு மிகாத அவகாசம் தந்து, அவருடைய கருத்தைக் கேட்டாக வேண்டும் என்று திருச்சபைச் சட்டம் சொல்கிறது.

இந்த வேறுபாடு வரவேற்பின் தன்மையையே மாற்றிவிடுகிறது. ஊரில் நமக்குப் பிடிக்காத ஒருவர் வந்தால் திருமண்டல அலுவலகத்தைக் குறை கூறிவிட்டு, அடுத்த மாற்றலுக்காகக் காத்திருக்கலாம். இங்கே அழைத்தது நாமே என்பதால், அவர் வந்திறங்கும் நாளில் அவரைப் போலவே நாமும் ஒரு பொறுப்பை ஏற்கிறோம். ரெக்டருக்கு இத்தனை ஆண்டுகள்தான் என்ற வரையறையும் பொதுவாகக் கிடையாது.

ரெக்டர், விகார், இன்டரிம், கியூரேட், டீக்கன் என்று பல பெயர்கள் இருக்கின்றனவே?

ரெக்டர் என்பவர் வெஸ்ட்ரியால் தெரிவு செய்யப்பட்ட தலைமைக் குரு. திருமண்டல உதவியோடு இயங்கும் மிஷன் சபையில் பேராயரின் சார்பில் பணிபுரிபவர் விகார். ரெக்டர் இல்லாத இடைக்காலத்தில் பொறுப்பேற்பவர் இன்டரிம். பிரீஸ்ட் இன் சார்ஜ் என்பவர் பேராயரால், வெஸ்ட்ரியுடன் கலந்து பேசி, பெரும்பாலும் குறிப்பிட்ட காலத்துக்கு நியமிக்கப்படுபவர். புதிதாக அபிஷேகம் பெற்று, அனுபவமுள்ள ரெக்டரின்கீழ் பயிற்சி பெறும் குருவுக்குக் கியூரேட் என்று பெயர். கியூரேட்டையும் மற்ற துணைக் குருக்களையும் தெரிந்துகொள்வது ரெக்டரின் உரிமை. அவர்கள் அவருடைய அதிகாரத்தின்கீழ்ப் பணிபுரிகிறார்கள்.

டீக்கனைப் பற்றி மட்டும் சற்றுக் கூடுதலாகச் சொல்ல வேண்டும். நம் ஊரில் டீக்கன் என்றாலே விரைவில் குருவாகப் போகிறவர் என்று பொருள். இங்கே அப்படிப்பட்டவர்களும் உண்டு, வாழ்நாள் முழுவதும் டீக்கனாகவே இருக்கும் அழைப்பைப் பெற்றவர்களும் உண்டு. இடது தோளிலிருந்து குறுக்காக ஸ்டோல் (நீண்ட பட்டைத் துணி) அணிந்து நற்செய்தி வாசிக்கும் அவர், வார நாள்களில் ஒரு மருத்துவமனையிலோ பள்ளியிலோ வேலை பார்ப்பவராக இருக்கலாம். பலர் ஊதியமின்றியே ஊழியம் செய்கிறார்கள். ஆகவே, "எப்போது குருவாவீர்கள்?" என்று அவரைக் கேட்பதைத் தவிர்ப்பது நல்லது. நான் கேட்டிருக்கிறேன். அவர் சிரித்துக்கொண்டே, தாம் டீக்கனாகி இருபது ஆண்டுகள் ஆகிவிட்டன என்றார்.

அவரை எப்படி அழைப்பது?

அவரிடமே கேட்டுவிடுங்கள். சிலர் ஃபாதர் என்றோ மதர் என்றோ அழைக்கப்படுவதை விரும்புவார்கள். பலர் பெயரைச் சொன்னால் போதும் என்பார்கள். கடித உறையில் 'தி ரெவரெண்ட்' என்று முழுப் பெயருடன் எழுதுவது வழக்கம்.

தமிழில் பேசும்போதுதான் சிக்கல் வருகிறது. நெல்லைப் பக்கத்தில் குருவை 'ஐயர்' என்போம். 'ஐயரம்மா' என்றால் அவருடைய மனைவி. குருவே பெண்ணாக இருந்தால்? எபிஸ்கோப்பல் திருச்சபையின் பொதுப்பேரவை 1976இல் பெண்களின் குருத்துவ அபிஷேகத்துக்கு ஒப்புதல் அளித்தது. 1989இல் பார்பரா ஹாரிஸ் பேராயரானார். 2006இல் காத்தரின் ஜெஃபர்ட்ஸ் ஷோரி முழுத் திருச்சபைக்கும் தலைமைப் பேராயராகத் தெரிந்துகொள்ளப்பட்டார். தென்னிந்தியத் திருச்சபையிலும் 2013இல் புஷ்பலலிதா நந்தியால் பேராயராகப் பொறுப்பேற்றார். இத்தனைக்குப் பிறகும் நம் பேச்சுமொழி இன்னும் பின்தங்கியே இருக்கிறது. எங்கள் வீட்டுப் பெரியவர்கள் பெண் குருவை 'ஆயரம்மா' என்று அழைக்கத் தொடங்கி, அது அப்படியே நிலைத்துவிட்டது. ஆனால், ஆயரின், அதாவது குருவின், மனைவியையும் அப்படி அழைப்பவர்கள் இருப்பதால், எனக்கு 'ஆயர்' என்ற சொல்லே இருபாலருக்கும் போதுமென்று தோன்றுகிறது.

அவர் வருவதற்கு முன்பே செய்து முடிக்க வேண்டியவை என்ன?

மாலையும் பூங்கொத்தும் கடைசி நாளில் வாங்கிக்கொள்ளலாம். அவற்றுக்கு முன்னர் வெஸ்ட்ரி செய்ய வேண்டிய, யார் கண்ணிலும் படாத வேலைகள் சில இருக்கின்றன.

முதலாவது, வீட்டுப்படித் தீர்மானம். அமெரிக்க வரிச் சட்டத்தின்படி, குருவின் ஊதியத்தில் வீட்டுச் செலவுக்கென ஒதுக்கப்படும் பகுதிக்கு, சட்டம் அனுமதிக்கும் வரம்புக்குள், வருமான வரி இல்லை. ஆனால், அந்த ஒதுக்கீட்டைப் பணம் கொடுப்பதற்கு முன்பே தீர்மானமாக எழுதியிருக்க வேண்டும். பின்தேதியிட்டுச் சரிசெய்ய முடியாது. செப்டம்பரில் வந்தவருக்கு நவம்பர் கூட்டத்தில் தீர்மானம் போட்டால், இடைப்பட்ட மாதங்களின் சலுகை அவருக்குப் போனது போனதுதான். சமூகப் பாதுகாப்பு, மெடிகேர் (முதியோர் மருத்துவக் காப்பீடு) வரிகளைப் பொறுத்தவரை குரு சுயதொழில் செய்பவராகக் கருதப்படுகிறார். மற்ற ஊழியர்களுக்கு முதலாளி செலுத்தும் பாதியையும் சேர்த்து 15.3 விழுக்காட்டை அவரே கட்டுகிறார். அந்தக் கணக்கில் வீட்டுப்படியும் சேரும் என்பதைப் பொருளாளர்கள் மறந்துவிடுகிறார்கள்.

இரண்டாவது, ஓய்வூதியம். 1917இல் செயல்படத் தொடங்கிய திருச்சபை ஓய்வூதிய நிதிக்கு, குருவின் ஊதியத்தோடு வீட்டு வசதியின் மதிப்பையும் சேர்த்து, அதில் 18 விழுக்காட்டைச் சபை செலுத்த வேண்டும். வேலை தொடங்கும் தேதியை அந்த நிதிக்கு உடனே தெரிவிக்க வேண்டும். மருத்துவக் காப்பீடும் அப்படியே. குழந்தைகளோடு நாட்டின் மறுகோடியிலிருந்து பெயர்ந்து வரும் ஒருவருக்கு, முதல் வாரத்திலேயே பிள்ளைக்குக் காய்ச்சல் வந்தால் காப்பீட்டு அட்டை கையில் இருக்கிறதா என்பதைவிடப் பெரிய வரவேற்பு வேறில்லை. வீடு மாற்றும் செலவைச் சபை ஏற்றாலும், 2018 முதல் அந்தத் தொகைக்கு வரி உண்டு என்பதையும் அவரிடம் முன்கூட்டியே சொல்லிவிட வேண்டும்.

மூன்றாவதைச் சாவிகளைப் பற்றிய கேள்வியில் சொல்கிறேன்.

பதவியேற்பு ஆராதனையில் என்ன நடக்கும்? நமக்கு அதில் என்ன பங்கு?

1979ஆம் ஆண்டின் பொது ஜெபப் புத்தகத்தில் 'புதிய ஊழியத்தின் கொண்டாட்டம்' என்ற பெயரில் இதற்கெனத் தனி ஆராதனை முறை இருக்கிறது. ஒப்பந்தத்தில் குறித்த நாளிலேயே ரெக்டர் வேலையைத் தொடங்கிவிடுவார். பேராயரின் நாட்குறிப்பில் இடம் கிடைக்க வேண்டுமென்பதால் இந்த ஆராதனை சில வாரங்களோ சில மாதங்களோ கழித்து, பெரும்பாலும் ஒரு வார நாள் மாலையில் நடக்கும். "வந்து மூன்று மாதம் ஆன பிறகு எதற்கு வரவேற்பு?" என்று கேட்பவர்களுக்கு இதுவே பதில். அக்கம்பக்கத்துச் சபைகளின் குருக்கள் தங்கள் ஞாயிறு ஆராதனையை விட்டுவிடாமல் வந்து கலந்துகொள்ள வார நாளே வசதியானது.

தொடக்கத்தில் வார்டன்கள் (வெஸ்ட்ரியின் தலைமைப் பொறுப்பாளர்கள்) பேராயரின் முன் நின்று, இவரை ஜெபத்தோடும் முறைப்படியும் தெரிந்துகொண்டோம் என்று அறிவிப்பார்கள். பேராயர் நியமனக் கடிதத்தை வாசிப்பார். பிறகு சபையாரைப் பார்த்து, இந்த ஊழியத்தில் இவரைத் தாங்குவீர்களா என்று கேட்பார். தாங்குவோம் என்று எல்லோரும் பதில் சொல்வார்கள். வாசிப்புகளுக்கு யோசுவா முதலாம் அதிகாரத்தின் பகுதியும் எண்ணாகமம் 11ஆம் அதிகாரத்தின் பகுதியும் தரப்பட்டுள்ளன, ஒன்றைத் தேர்ந்துகொள்ளலாம். மோசேயின் பாரத்தை எழுபது மூப்பர்கள் பகிர்ந்துகொள்ளும் எண்ணாகமப் பகுதியே இந்த நாளுக்கு மிகவும் பொருத்தமானது என்பது என் கருத்து. யோசுவாவை வாசித்தால் புதியவர் தனியொருவராக யோர்தானைக் கடக்க வேண்டும் என்ற எண்ணம் சபைக்கு வந்துவிடுகிறது.

பிரசங்கத்துக்குப் பிறகு வருவதுதான் இந்த ஆராதனையின் நடுப்பகுதி. சபையாரும் திருமண்டலக் குருக்களும் ஒவ்வொரு பொருளாகக் கொண்டுவந்து புதியவரின் கையில் தருவார்கள்: வேதாகமம், ஒரு பாத்திரத்தில் தண்ணீர், ஸ்டோல், ஜெபப் புத்தகம், ஒலிவ எண்ணெய், ஆலயத்தின் சாவிகள், திருச்சபையின் அமைப்புச் சட்டப் புத்தகம், அப்பமும் திராட்சரசமும். ஒவ்வொன்றையும் தருபவர், எங்கள் நடுவே வசனத்தை அறிவிப்பவராக இரும், ஞானஸ்நானம் கொடுப்பவராக இரும், நலமாக்கி ஒப்புரவாக்குபவராக இரும் என்று அந்தந்தப் பொருளுக்குரிய வார்த்தைகளைச் சொல்வார். சாவிகளைக் கொடுக்கும்போது, இந்த இடத்தின் கதவுகள் எல்லா மக்களுக்கும் திறந்திருக்கட்டும் என்ற பொருளில் வரும் வரியைக் கேட்டு, எங்கள் பக்கத்து இருக்கையிலிருந்த முதியவர் ஒருவர் கண்ணைத் துடைத்துக்கொண்டார். அவர் சிறுவனாக இருந்தபோது அந்த ஊரில் எல்லாக் கதவுகளும் அவருக்குத் திறந்திருக்கவில்லை.

இந்தப் பொருள்கள் எல்லோரும் பார்க்கும் அளவுக்குப் பெரியவையாக இருக்க வேண்டும், கடைசிவரை சபையின் கண்முன்னே இருக்க வேண்டும் என்று ஜெபப் புத்தகமே குறிப்பிடுகிறது. ஆகவே, சின்ன எண்ணெய்க் குப்பியைச் சட்டைப் பையிலிருந்து எடுத்துக் கொடுக்காதீர்கள். கண்ணாடிக் குடுவையில் கொண்டு வாருங்கள். எங்கள் சபையில் தண்ணீரைக் கொடுக்கத் தமிழ்க் குடும்பம் ஒன்றைக் கேட்டார்கள். அவர்கள் வீட்டுப் பித்தளைக் குடத்தில் தண்ணீரை நிறைத்து, வீட்டின் மூத்த பெண் அதை இடுப்பில் வைத்து நடுவழியே நடந்துவந்தார். அமைதியான ஆலயத்தில் அந்தத் தண்ணீர் ஞானஸ்நானத் தொட்டியில் விழுந்த சத்தம் கடைசி வரிசைவரை கேட்டது.

சாவிகளைத்தான் ஆராதனையிலேயே கொடுத்துவிடுகிறோமே?

எங்கள் வார்டன் கொடுத்தது ஆலயத்தின் பழைய முன்கதவுக்குரிய பெரிய இரும்புச் சாவி. அந்தப் பூட்டையே மாற்றிப் பல காலமாகிவிட்டது என்பது எல்லோருக்கும் தெரியும், புதிய ரெக்டரைத் தவிர. உண்மையான கதவுக்கு எண்பூட்டும் உள்ளே அபாய ஒலிக் கருவியும் இருந்தன. வேலைக்குச் சேர்ந்த முதல் வாரத்தில் யாரோ எண்பூட்டின் எண்ணை மட்டும் சொல்லி, கருவியை நிறுத்தும் எண்ணைச் சொல்ல மறந்துவிட்டார்கள். விடியற்காலையில் வந்து கதவைத் திறந்தவர், அலறும் ஒலிக்கு நடுவே இரண்டு காவலர்களிடம் தாம்தான் இந்த ஆலயத்தின் குரு என்று நிரூபிக்க வேண்டியதாயிற்று. அவருடைய ஓட்டுநர் உரிமத்தில் இன்னும் பழைய மாநிலத்து முகவரிதான் இருந்தது.

அதன்பின் ஜூனியர் வார்டன் ஒரு தாளில் எல்லாவற்றையும் எழுதினார்: எந்தக் கதவுக்கு எந்தச் சாவி, கருவியை நிறுத்தும் எண், தண்ணீர்க் குழாயின் தலைமை அடைப்பு எங்கே, வெப்பமூட்டி நின்றுபோனால் யாரைக் கூப்பிடுவது, ஞானஸ்நானப் பதிவேடு எந்த அலமாரியில். சட்டப்படி ஆலயக் கட்டடங்களின் பயன்பாடும் பதிவேடுகளைப் பார்க்கும் உரிமையும் ரெக்டருக்கு உண்டு. ஆனால், அலமாரி எங்கே என்று தெரியாதவருக்கு அந்த உரிமையால் என்ன பயன்? இந்தத் தாளை முதல் நாளிலேயே கொடுத்துவிடுங்கள்.

புதிய ஆர்கன் கலைஞர், அலுவலகச் செயலர், ஆலயக் காவலர் போன்றவர்களுக்கும் வரவேற்பு உண்டா?

உண்டு, உண்டாக வேண்டும். நாம் பெரும்பாலும் தவறுவது இங்கேதான். குருவுக்கு விருந்து, பேராயர், பாடகர் குழு எல்லாம் இருக்கும். அதே மாதத்தில் வேலைக்குச் சேர்ந்த அலுவலகச் செயலரின் பெயர் ஞாயிறு அறிவிப்புத் தாளின் கடைசி வரியில் வரும். புதிய ஊழியத்தின் கொண்டாட்டத்தை வேண்டிய மாற்றங்களோடு துணைக் குருக்களுக்கும் பொதுநிலையினருக்கும் (குருப்பட்டம் பெறாதவர்களுக்கும்) பயன்படுத்தலாம் என்று ஜெபப் புத்தகம் அனுமதிக்கிறது. அவ்வளவு பெரிதாகச் செய்ய இயலாவிட்டால், ஞாயிறு ஆராதனையின் நடுவே அவரை முன்னே அழைத்து, பொறுப்பைச் சொல்லி, ஜெபித்து அனுப்பும் குறுகிய முறையும் திருச்சபையில் உண்டு. அவர் எபிஸ்கோப்பலியராகவோ கிறிஸ்தவராகவோ இல்லாமல் இருக்கலாம். அப்போது அவருடைய விருப்பத்தைக் கேட்டுக்கொள்ளாமல் முன்னே இழுத்து நிறுத்தக் கூடாது.

பணமும் இதில் அடங்கும். ஆண்டுக்கு 1,000 மணி நேரமோ அதற்கு மேலோ வேலை செய்யும் பொதுநிலைப் பணியாளருக்குச் சபை ஓய்வூதியப் பங்களிப்பு செய்ய வேண்டும் என்று 2009இல் பொதுப்பேரவை விதித்தது. வாரத்துக்கு ஏறத்தாழ 20 மணி நேர வேலை அது. வரம்பைத் தொடாதபடி 18 மணி நேரத்துக்கு ஆள் எடுத்துவிட்டு, 25 மணி நேர வேலையை எதிர்பார்க்கும் வழக்கத்தை நான் கண்டிருக்கிறேன். அப்படி எடுத்தவரைக் கைதட்டி வரவேற்பதில் பொருளில்லை.

ஊரில் கோயில்குட்டியார் யார் வீட்டில் என்ன நடக்கிறது என்பதுவரை அறிந்து வைத்திருப்பார். மணியடிப்பதும் மரணச் செய்தி சொல்வதும் அவரே. இங்கும் காவலரும் செயலரும் அப்படிப்பட்டவர்களே. புதிய ரெக்டர் முதல் மாதத்தில் யாருடன் அதிகநேரம் பேச வேண்டும் என்று கேட்டால், வெஸ்ட்ரியை அல்ல, பல ஆண்டுகளாக இருக்கும் செயலரைத்தான் நான் சொல்வேன்.

விருந்துக்கு என்ன சமைக்கலாம்?

தாராளமாக நம் உணவையே சமையுங்கள். சபையார் கூடி உண்ணும் அசனப் பண்டிகையில் அண்டா வைத்துப் பழகியவர்களுக்கு நூறு பேர் ஒரு பொருட்டல்ல. ஒவ்வொரு பாத்திரத்தின் முன்னும் அதில் என்ன இருக்கிறது என்று அட்டை வையுங்கள். குருமாவில் அரைத்த முந்திரி கண்ணுக்குத் தெரியாது, ஒவ்வாமை உள்ளவருக்கு அது ஆபத்து. திராட்சை மது வைக்கப்பட்டால், மது இல்லாத பானமும் அதே மேசையில், அதே மதிப்போடு இருக்கட்டும்.

குருவின் மனைவி பெண்கள் ஐக்கிய சங்கத்தை நடத்துவார்களா?

அப்படி எதிர்பார்க்க வேண்டாம். சபை அழைத்தது ஒருவரை. ஊதியம் கொடுப்பதும் ஒருவருக்கே. அவருடைய துணைவருக்கு வேறு ஊரில் வேலை இருக்கலாம், வேறு மதமாகவும் இருக்கலாம். ரெக்டர் தனியாளாகவோ, ஒரே பாலினத் துணைவரை மணந்தவராகவோ இருப்பதும் இங்கே உண்டு. பிள்ளைகளிடம், "அப்பா மாதிரியே பிரசங்கம் பண்ணுவாயா?" என்று கேட்காமல், பள்ளி எப்படியிருக்கிறது என்று கேளுங்கள்.

எங்கள் மகளின் திருமணத்தை முந்தைய ரெக்டர் நடத்தலாமா? அவர் கையால்தான் அவளுக்கு ஞானஸ்நானம்.

புதிய ரெக்டரிடம் முதலில் பேசுங்கள்; அழைப்பு அவரிடமிருந்தே போக வேண்டும். விடைபெற்ற குரு, புதியவர் அழைக்காமல் பழைய சபையில் ஞானஸ்நானமோ திருமணமோ அடக்க ஆராதனையோ நடத்துவதில்லை என்பது இங்கு உறுதியாகக் கடைப்பிடிக்கப்படும் ஒழுங்கு. நீங்கள் நேரடியாக முந்தையவரைக் கேட்டால், அன்புள்ள அவர் மறுக்க வேண்டிய தர்மசங்கடத்தில் சிக்குவார். புதியவரே தலைமை தாங்கி, முந்தையவர் வந்து பிரசங்கம் செய்யும்படி ஏற்பாடு செய்வதுண்டு.

வீட்டுக்கு ஜெபிக்க வரும்போது கவரில் காணிக்கை வைத்துக் கொடுக்கலாமா?

மனமாரக் கொடுக்கும் பழக்கம் நம்முடையது. ஆனால், பணத்தைக் கையில் திணித்தால் அவர் திகைத்துவிடுவார். அதற்குப் பதிலாக ரெக்டரின் உதவி நிதிக்கென்று காசோலை எழுதுங்கள். அது அவருடைய சொந்தச் செலவுக்கானதல்ல. வாடகை கட்ட முடியாதவருக்கும் மருந்து வாங்க இயலாதவருக்கும் அவர் இரகசியமாக உதவும் நிதி. மாதத்தில் ஒரு ஞாயிறு திருவிருந்தின்போது குறிப்பிட்ட நோக்கமின்றி வரும் காணிக்கையை இத்தகைய உதவிக்கென ஒதுக்க வேண்டும் என்று சட்டமே சொல்கிறது. வீட்டுக்கு அழைக்க விரும்பினால் நாளையும் நேரத்தையும் கேட்டு அழையுங்கள். அவருடைய விடுமுறை நாள் எது என்று தெரிந்துகொண்டு அதை விட்டுவிடுங்கள்.

வந்தவுடன் பாட்டையும் ஆராதனை நேரத்தையும் மாற்றுகிறாரே?

ஆராதனை ரெக்டரின் பொறுப்பு, இசையும் அதில் அடக்கம். பணமும் சொத்தும் வெஸ்ட்ரியின் பொறுப்பு. இந்த எல்லை தெரிந்தால் பாதிச் சண்டை குறையும். மாற்றம் வருத்தினால் வண்டி நிறுத்துமிடத்தில் பேசாமல் அவரிடமே சொல்லுங்கள். ஆண்டுக்கொருமுறை ரெக்டரும் வெஸ்ட்ரியும் அமர்ந்து பணியை மதிப்பிடும்படி ஒப்பந்தத்தில் எழுதியிருந்தால் அதையும் பயன்படுத்துங்கள்.

அவர் எங்கள் பெயர்களைத் தவறாக உச்சரிக்கிறார். திருத்தினால் மரியாதைக் குறைவாகுமா?

ஆகாது, திருத்தாமல் விடுவதுதான் பின்னால் தொல்லை. எங்கள் வீட்டில் தாத்தாவின் பெயர் ஞானப்பிரகாசம். முதல் ஞாயிறு நாங்கள் நால்வரும் ஒரு அட்டையில் எங்கள் பெயர்களை அசை பிரித்து எழுதி, எது வீட்டில் கூப்பிடும் பெயர், எது தகப்பன் பெயர் என்றும் குறித்துக் கொடுத்தோம். நமக்குக் குடும்பப் பெயர் கிடையாது என்பதை விளக்க இரண்டு வரி கூடுதலாகப் பிடித்தது. அடுத்த ஆண்டு தாத்தாவின் அடக்க ஆராதனையில் அந்தப் பெயரை அவர் நிறுத்தி, ஐந்து அசையும் சரியாக ஒலிக்கும்படி வாசித்தார். அட்டை அவருடைய ஜெபப் புத்தகத்துக்குள் இருந்தது.